சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும் பூட்டன் பெயர்

கல்லறைக் கல்லில் வெட்டியிருப்பது 1817. நாம் படித்தது 1811. இனி எத்தனை பதிவேடுகளைப் புரட்டினாலும் அந்தப் பூட்டன் அகப்படமாட்டார். 7-இன் தலைக்கோடு எங்கே போனது? மழை கொஞ்சம் கரைத்திருக்கும். மீதியைப் பார்த்த நேரத்து வெளிச்சம் மறைத்திருக்கும். பக்கவாட்டில் வரும் வெளிச்சம் நிற்கும் கோடுகளுக்குத்தான் நிழல் தரும். தலைக்கோடு வெளிச்சத்துக்கு இணையாகப் படுத்திருப்பதால் அதற்கு நிழலே விழாது.

ஆகவே வம்சாவளி தேடிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது கல்லின் வகை. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. மாசே இல்லாத மழைநீர்கூடக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பி.ஹெச். 5.6 அளவுக்கு அமிலமாகத்தான் விழுகிறது. அதுவே இக்கற்களை மெல்ல அரிக்கும். நிலக்கரிப் புகையின் கந்தகமும் சேர்ந்தால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும். மழை படும் முகத்தில் ஜிப்சம் எழுத்தோடு சேர்ந்து கழுவிப்போகும். மழை படாத ஓரங்களில் கறுப்புப் பொருக்காகத் தங்கும். கருங்கல்லின் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் மழையால் அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்துவிட முடியாது. ஸ்லேட் கல்லில் எழுத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் கூராக நிற்கும், ஆனால் அந்தக் கல் ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. பிரிந்தால் வாசகம் முழுவதும் ஒரே தகடாகக் கழன்று விழும். மணற்கல்லின் எதிரி உள்ளே ஊறும் உப்பு. அது படிகமாகும்போது மணிகளைப் பெயர்த்துத் தள்ளும்.

பளிங்கில் ஈயத்தை அடித்து இறக்கிய எழுத்துகள் இன்னொரு வகை. ஈயம் பிடித்து நிற்பதற்காக எழுத்தின் கோட்டுக்குள் சிறு துளைகள் போட்டிருப்பார்கள். ஈயம் உதிர்ந்துபோன கல்லிலும் அந்தத் துளைகள் இருக்கும்; புள்ளிகளை மனத்தால் இணைத்தால் எழுத்து கிடைத்துவிடும். ஈயம் உதிராத கல்லில் அதைச் சுற்றிய பளிங்கு மட்டும் தேய்ந்து, எழுத்து மேடாகத் தெரியும். அந்த மேட்டின் உயரத்தைக் கல் நட்ட பிறகு சென்ற ஆண்டுகளால் வகுத்தால் கல் தேயும் வேகம் வரும். தேதி பொறித்த கல் என்பதால் கல்லறைகள் புவியியலாளருக்கும் நல்ல ஆய்வுக்கூடம். ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஆர்ச்சிபால்ட் கெய்கி 1880-இலேயே எடின்பரோ கல்லறைகளை வைத்துக் கற்சிதைவைப் பற்றி எழுதினார்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். வெட்டின் ஆழத்தை, வெளிச்சம் கல்லோடு செய்யும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் நிழலின் நீளம். தேய்ந்து 0.3 மி.மீ. ஆழமே மிஞ்சிய எழுத்துக்கு 60 பாகையில் விழும் நிழல் 0.17 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது. அதே எழுத்துக்கு 10 பாகையில் 1.7 மி.மீ., 5 பாகையில் 3.4 மி.மீ. படிக்க முடியாது என்று கைவிட்ட கல்லை மீட்பது பெரும்பாலும் இந்த ஒரு கணக்குதான்.

கிழக்கு பார்த்த கல்லை நண்பகலுக்குச் சற்று முன்பும், மேற்கு பார்த்ததைச் சற்றுப் பின்பும் பாருங்கள். அப்போது சூரியக் கதிர் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும். மற்ற நேரங்களில் ஆளுயர நிலைக்கண்ணாடி போதும். கல் நிழலில் இருக்கும்போது, ஒருவர் இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நின்று வெயிலைக் கல்மேல் சாய்வாகத் திருப்ப, மற்றவர் நேர் எதிரே நின்று படம் எடுக்கலாம். இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமாவது வெளிச்சத்தை மாற்றுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்த ஒற்றைப் படத்தை நம்பி எந்த இலக்கத்தையும் எழுதாதீர்கள். 1, 7 போலவே 3, 8 ஜோடியும் 5, 6 ஜோடியும் ஏமாற்றும்.

இதையே கணினி செய்யும் முறையை எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் 2001-இல் வெளியிட்டார்கள். கேமராவை அசையாமல் நிறுத்தி, கல்லருகே பளபளக்கும் கறுப்பு உருண்டை ஒன்றை வைத்து, விளக்கை மட்டும் இடம் மாற்றிச் சில டஜன் படங்கள் எடுப்பார்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை உருண்டையின் மினுக்கம் காட்டிக்கொடுக்கும். பிறகு திரையில் வெளிச்சத்தை விருப்பம்போலத் திருப்பிப் பார்க்கலாம்.

எழுத்து தெரிய ஷேவிங் நுரை பூசுவது பரவலான பழக்கம். தயவுசெய்து வேண்டாம்: அதிலுள்ள ஸ்டியரிக் அமிலம் துளைகளுக்குள் தங்கிவிடும். பிளீச் விட்டுச்செல்லும் உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைப் பிளக்கும். கம்பிப் பிரஷைத் தொடவே கூடாது. கல்மேல் பாசிபோலப் படரும் லைக்கனைச் சுரண்டினால், கல்லுக்குள் ஊடுருவியிருக்கும் அதன் இழைகள் மணிகளையும் பெயர்த்துக்கொண்டு வரும். நிர்வாகத்தின் அனுமதி இருந்தால் நல்ல தண்ணீர், மென்மையான பிரஷ், இவை மட்டும். முதலில் கல்லை முழுக்க நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கறைக்கோடு போடும். விரல் முட்டியால் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள், உள்ளே ஏடு பிரிந்திருக்கிறது.

எழுத்து தெரிந்ததும் அடுத்த சிக்கல் தேதி. பல கற்களில் பிறந்த நாள் இருக்காது. இறந்த நாளும் வயதும்தான் இருக்கும். 1874 மார்ச் 9-இல் இறந்தவருக்கு வயது 62 ஆண்டு 5 மாதம் 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கழித்தால் 1811 செப்டம்பர் 19. நாளை முதலில் கழித்தால் செப்டம்பர் 17. மாதங்களின் நீளம் ஒன்றாக இல்லாததால் வரும் வித்தியாசம் இது. பதிவேட்டில் தேடும்போது இரு பக்கமும் சில நாள் தளர்வு கொடுங்கள். ‘நாற்பதாம் ஆண்டில்’ என்று ஆங்கிலக் கல் சொன்னால், இறந்தவருக்கு 39 முடிந்து 40 நடந்துகொண்டிருந்தது என்று பொருள். பழைய ஆங்கிலக் கற்களில் ‘ரெலிக்ட்’ என்றால் கணவரை இழந்தவர்; ‘கன்சார்ட்’ என்றால் பொதுவாகக் கணவருக்கு முன்பே இறந்த மனைவி. கணவர் இறந்த ஆண்டைத் தேட வேண்டிய திசையை இந்த ஒரு சொல்லே காட்டும். இங்கிலாந்தில் 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால்தான் பிப்ரவரித் தேதிகளில் 1731/2 போன்ற இரட்டை ஆண்டு வரும். இன்றைய கணக்கில் அது 1732.

கல் சொல்வதெல்லாம் சம எடை உள்ளதல்ல. இறந்த நாளைச் சொன்னவர் பெரும்பாலும் அருகில் இருந்தவர். பிறந்த நாளை அவர் கேட்டுத்தான் அறிந்திருப்பார். கணவரும் மனைவியும் முப்பது ஆண்டு இடைவெளியில் இறந்திருந்தும் இரு வரிகளின் எழுத்து வடிவமும் ஆழமும் தேய்மானமும் ஒன்றுபோல இருந்தால், இரண்டும் பிந்தைய சாவுக்குப் பின் ஒரே கையால் வெட்டியவை. முதல் தேதி முப்பதாண்டு நினைவிலிருந்து வந்திருக்கலாம்.

கல்லின் பின்பக்கம், பக்கவாட்டு, அடிப்பீடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் சுற்றிலும் இரண்டிரண்டு கற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமணத்தால் குடும்பப்பெயர் மாறிய மகள் பெற்றோர் பக்கத்திலேயே கிடப்பது உண்டு. வாசகத்தை வரிக்கு வரி, பிழையைத் திருத்தாமல் எழுதி, ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். கல்லே இல்லையென்றால் அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மனியில் கல்லறை இடம் பல ஊர்களில் 20, 30 ஆண்டுக் குத்தகைதான். அது முடிந்தால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது கேட்க வேண்டியது அடக்கப் பதிவேட்டையும் மனை வரைபடத்தையும். மனை எண் ஒன்று கிடைத்தால், அதே மனையில் அடக்கமான மற்றவர்களின் பெயர்களையும் அந்தப் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.