சுண்ணாம்பு இல்லாமல் நின்ற கூரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளில் காற்று அதிகம், மரங்கள் குறைவு. அங்கே பயிர் செய்து வாழ்ந்த புதிய கற்கால மக்களுக்குக் கை கொடுத்தது கல். பழங்கால ஏரியின் அடியில் படிந்த வண்டல் இறுகி உண்டான பாறை அது. ஆப்பு வைத்துத் தட்டினால் பலகை பலகையாகப் பிளக்கும்.

அந்தப் பலகைகளால் எழுந்ததுதான் மேஸ்ஹவ் என்ற ஈமக் கற்குவை. வயது சுமார் 4,800 ஆண்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் 35 மீட்டர் அகலமுள்ள வெறும் புல்மேடு. குனிந்தபடி நீண்ட இடைவழியில் நுழைந்தால், ஏறக்குறைய நாலரை மீட்டர் சதுரமான அறையில் நிமிர்ந்து நிற்கலாம். மூன்று சுவர்களில் சிறு மாடங்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது.

கூரை எப்படி நின்றது? மேசை விளிம்பில் ஒரு புத்தகத்தைச் சற்றே வெளியே நீட்டி வையுங்கள். மேசைமேல் இருக்கும் பகுதியில் இன்னொன்றை ஏற்றினால், முதல் புத்தகத்தை இன்னும் துணிந்து நீட்டலாம். இங்கும் அதுதான். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீளும்; பின்பாதியை மேலுள்ள கற்களின் எடை அழுத்திப் பிடிக்கும். நான்கு சுவர்களும் இப்படி மேலே போகப் போக நெருங்கிவரும். மேடு வெறும் அலங்காரமல்ல, கூரையைக் கவிழாமல் பிடித்துவைக்கும் பாரமும் அதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வெளிச்சம். 59 பாகை வடக்கில், டிசம்பர் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 8 பாகைகூட ஏறுவதில்லை. இடைவழி தென்மேற்கு நோக்கியது. குட்டையும் நீளமுமான அதற்குள் ஏறக்குறையக் கிடையாக வரும் ஒளிதான் கடைசிவரை போகும். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலை ஒட்டி, அஸ்தமன ஒளி பின்சுவரைத் தொடுகிறது. ஒரே நாளில் முடிவதில்லை, சில வாரங்கள் நீடிக்கிறது. அந்த நாட்களில் சூரியன் மறையும் இடம் அடிவானத்தில் அநேகமாக நகர்வதே இல்லை.

12ஆம் நூற்றாண்டில், ஸ்காண்டிநேவிய வழிவந்த நார்ஸ் மக்கள் உள்ளே புகுந்தார்கள். சுவரில் அவர்களுடைய பழைய எழுத்தான ரூனில் சுமார் 30 பொறிப்புகள் இருக்கின்றன. ஒன்று, சிலுவைப்போருக்குப் போனவர்கள் இந்த மேட்டை உடைத்ததாகச் சொல்கிறது. இன்னொருவர் எட்டிப் பொறித்திருக்கிறார்: இதை உயரத்தில் பொறித்தேன் என்று.