பருவம் தப்பும் மாந்தோப்புகள்

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் வட்டாரங்களில் மாந்தோப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கும் என்னிடம், அண்மை ஆண்டுகளில் விவசாயிகள் அதிகம் கேட்பது, மரம் பூக்க வேண்டிய காலத்தில் ஏன் துளிர்க்கிறது என்பதைத்தான். மாமரம் பூமொட்டு வைப்பதற்குச் சில வாரங்கள் காய்ந்த மண்ணும், அதையடுத்து மார்கழி, தை மாதக் குளிர்ந்த இரவுகளும் வேண்டும். மழை பின்தள்ளிப் பெய்து, இரவு வெப்பமும் தணியாமல் இருந்தால், கிளை நுனியில் பூங்கொத்து வர வேண்டிய இடத்தில் இலைத்துளிர் வந்துவிடுகிறது. தப்பிப் பூத்த மரத்திலும், பங்குனியில் வெயில் கடுமையாக ஏறும்போது பிஞ்சுகள் கொட்டிவிடுகின்றன. இதற்கு மருந்தாகப் பலர், துளிர் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கல்டார் என்ற ரசாயனத்தை நம்புகிறார்கள். அளவறிந்து ஊற்றினால் அது பூக்க வைக்கும் என்பது உண்மையே ஆனாலும், பூத்த பிறகு அடிக்கும் வெயிலுக்கு அதனிடம் பதில் கிடையாது.

இந்த மாற்றத்தின் வேர் நம் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கரியமில வாயு, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிக்கப்பட்டதாலும் காடுகள் அழிக்கப்பட்டதாலும் இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரப்பதத்தைத் தாங்கும் என்பதால், மழையில்லாத நாட்களில் மண் விரைவாகக் காய்கிறது. பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கிறது. 2024ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் நாம் கண்டோம். கோடையில் டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி மாமரங்களுக்கு ஊற்றிய அதே மாவட்டத்தில், டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் பெறும் வட்டாரம் இது. ஒரு புயலை முழுவதுமாகப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல என்றாலும், அறிவியல் எச்சரிக்கும் போக்கு இதுவே.

ஆகவே, நம் முதல் வேலை கொட்டும் மழையைப் பிடித்து வைப்பதாகும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடினப் பாறை நிலங்கள். பாறை வெடிப்புகளில் தங்கும் நீரையே ஆழ்துளைக் கிணறுகள் எடுக்கின்றன, அந்த வெடிப்புகள் நிரம்புவதற்கோ நெடுங்காலம் ஆகிறது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, கோடை உழவு, பண்ணைக்குட்டை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களைத் தூர்வாருதல் ஆகியவை பழைய வேலைகள்தாம், ஆனால் அவற்றைத் தள்ளிப்போட்ட ஊர்களில்தான் போர்வெல் ஆயிரம் அடியைக் கடந்திருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருகிறது. நல்ல திட்டம். எனினும், மிச்சமான தண்ணீரைக் கொண்டு கூடுதலாக இரண்டு ஏக்கர் தக்காளி நடுபவர்களையும் பார்க்கிறேன்; அப்படிச் செய்யும்போது நிலத்தடி நீருக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பதை மானிய விண்ணப்பத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மானாவாரி நிலத்தில் கேழ்வரகு, சாமை, கொள்ளு ஆகியவற்றுக்குத் திரும்புவதும் தகவமைப்பே. ஆனால் விலை இல்லாமல் யாரும் திரும்பமாட்டார்கள். 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதும், அதற்காக இப்பகுதி விவசாயிகளிடம் கொள்முதல் செய்ததும் அந்த வகையில் பயனுள்ளவை.

வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைப்பதில் நம் விவசாயியின் பங்கு சிறியது. அனல் மின்நிலையத்தின் பழியை அவர் தலையில் கட்டக்கூடாது. ஆயினும் அவருக்கே செலவைக் குறைக்கும் சில வழிகள் உள்ளன. மண்ணிலிடும் யூரியாவில் பயிர் எடுக்காத தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு வெப்பமாக்கக்கூடியது. மண் பரிசோதனை செய்து, தவணைகளாகப் பிரித்து இட்டால் மூட்டையும் மிச்சம், காற்றும் மிச்சம். மாந்தோப்புகளில் அறுவடைக்குப் பின் ஆடி, ஆவணியில் கவாத்து செய்த கிளைகளை ஓரமாகக் குவித்து எரிப்பது இங்கே வழக்கம். தடித்த கிளைகளை விறகுக்கு ஒதுக்கிவிட்டு, நோயில்லாத மெல்லிய கிளைகளையும் இலைகளையும் துண்டாக்கி, அடிமரத்தை ஒட்டாமல் சற்று விலக்கி, மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டால் மண் ஈரம் நெடுநாள் நிற்கும். துண்டாக்கும் இயந்திரத்தை ஒரு தோப்புக்காரர் தனியாக வாங்குவது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வாங்கி வாடகைக்கு விடலாம், புரட்டாசி மழைக்கு முன் மூடாக்கு போட்டு முடிப்பதற்கு ஏற்ற முறையில் தோப்புகளுக்கு முறை வைத்து அனுப்பலாம்.