பத்து லட்சம் முட்டையும் ஆறு குட்டியும்

கடல் அட்டை என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். வயலில் காலைக் கவ்வும் அட்டைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது நட்சத்திர மீனின் இனம். வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனால், ரத்தம் குடிக்கும் அட்டையைவிட நம் வீட்டுச் சுண்டெலிதான் அதற்கு நெருங்கிய சொந்தம்.

இந்தச் சொந்தத்தில் ஒன்றைப் பொறி வைத்தும் மருந்து வைத்தும் நம்மால் ஒழிக்க முடியவில்லை. இன்னொன்றை வெறும் கையால் பொறுக்கியே அருகிப்போக வைத்துவிட்டோம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும் வெள்ளை அட்டை இன்று உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்.

இத்தனைக்கும் சுண்டெலி ஈத்துக்கு ஐந்தாறு குட்டிதான் போடும். வெள்ளை அட்டை ஒரே தடவையில் பத்து லட்சம் முட்டைகூட விடும். அப்புறம் எப்படி?

எலிக்குத் துணை தேடுவது கஷ்டமே இல்லை. சிறுநீர் வாசனையைப் பிடித்துக்கொண்டு, பெரிய கிடங்கின் இரு மூலையில் இருக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்துவிடும். மூன்று வாரத்தில் பிரசவம், பெற்ற மறுநாளே அடுத்த கருவுக்குத் தயார். குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். பத்தில் ஒன்பது எலி செத்தாலும், மிஞ்சியதற்குத் தீனி தாராளம். விட்ட இடத்தைச் சீக்கிரமே பிடித்துவிடும்.

அட்டையின் கதை வேறு. இனப்பெருக்க நேரத்தில் ஆண் அட்டை, பாம்பு படமெடுப்பதுபோல முன்பாதியைத் தூக்கி மெல்ல ஆடும். தலைப்பக்கத்துச் சிறு துளையிலிருந்து விந்து வெள்ளைப் புகை இழையாக நீரில் கசியும். அது தண்ணீரில் கலந்து வந்து எட்டிய பிறகே பக்கத்துப் பெண் அட்டைகளும் எழுந்து முட்டையைப் பீய்ச்சும். கரு உருவாவது வெளியே, ஓடும் நீரில். ஆண் அருகில் இருந்தால் சரி. தள்ளி இருந்தால் விந்து நீர்த்துப்போய், பத்து லட்சமும் வீண். ஊர்ந்து போய்த் துணையைத் தேடும் வேகமும் அதற்கு இல்லை.

ஆக, எண்ணிக்கை குறையக் குறைய எலிக்கு வசதி கூடுகிறது. அட்டைக்கோ இனப்பெருக்கமே நின்றுபோகிறது. சூழலியலில் இதை ஆலி விளைவு என்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சிய அட்டைகள் உயிரோடுதான் இருக்கும், வாரிசுதான் இருக்காது. இந்தியா 2001-இல் கடல் அட்டை பிடிப்பதற்குத் தடை போட்டது. அதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் சிதறிக் கிடப்பவற்றைத் தடை ஒன்று சேர்க்காதே!

சேர்க்க வழி உண்டு. 1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. தொட்டித் தண்ணீரைச் சில டிகிரி சூடாக்கினாலே அட்டைகள் எழுந்து ஆட ஆரம்பித்துவிடும். அப்படி வளர்த்த குஞ்சுகளைக் கடல் முழுக்கத் தூவக் கூடாது. காவல் உள்ள ஒரே கடற்புல் திட்டில் நெருக்கமாக விட்டு, அவை பருவத்துக்கு வரும்வரை ஒன்றரை, இரண்டு வருடம் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.