பதினேழு வயசு, 3,600 ரூபா லாபம், நிஜத்துல 132

ஆனித் தேரு ஓடி முடிஞ்ச வாரம், பாளையங்கோட்டைல நம்ம ஆபீஸுக்கு கல்லிடைக்குறிச்சில இருந்து ஒருத்தர் பையனைக் கூட்டிட்டு வந்தாரு, பையன் பிளஸ் டூ. "அண்ணாச்சி, இவன் சின்னத் தொழிலுக்கு பேங்க்ல குடுக்குற முத்ரா லோன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், நீங்களே சொல்லுங்க"ன்னு என் தலைல கட்டிட்டு அவரு ஃபேனுக்கு அடியில போயி உக்காந்துட்டாரு.

பையன் அப்பளம் விக்கான். சொந்தக்கார அத்தைகிட்ட பாக்கெட் 42 ரூபாய்க்கு வாங்கி, வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல போட்டு 60-க்கு விக்கான், சென்னை கோயம்புத்தூருக்கெல்லாம் கூரியர்ல போவுது, கூரியர் காசு வாங்குறவங்க தலைல. மாசம் 200 பாக்கெட். "பாக்கெட்டுக்கு 18 ரூபா சார், 200-க்கு 3,600, ஒரு லட்சம் கிடைச்சா பத்து மடங்கு பண்ணிருவேன்"ங்கான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

சரி, நோட்டு எங்கலேன்னு கேட்டேன். நோட்டு கிடையாது, எல்லாம் மனசுல இருக்காம்.

ஒரு ஏ4 தாளை எடுத்து நானே எழுத ஆரம்பிச்சேன். வித்தது 12,000. அத்தைக்குக் குடுத்தது 8,400. கவரும் ஸ்டிக்கரும் பாக்கெட்டுக்கு 4 ரூபா, அது 800. அட்டைப்பெட்டி 900. கூரியர் ஆபீஸுக்கு மாசம் 12 தடவை போயிட்டு வர பஸ்ஸு ஆட்டோன்னு தடவைக்கு 40, அது 480. அப்புறம் "உடைஞ்சு போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"ன்னேன். தலையைச் சொறிஞ்சான். 14 பேருக்கு நொறுங்கிப் போயிருக்கு, வேற பாக்கெட் கைக்காசு போட்டு அனுப்பியிருக்கான், பாக்கெட் 42, கூரியர் 50, ஆக 1,288. எல்லாத்தையும் கூட்டினா 11,868. மிச்சம் 132 ரூபா. ஃபேனுக்கு அடியில இருந்தவரு எந்திரிச்சு வந்து தாளை எட்டிப் பாத்தாரு. இதுல அம்மா ராத்திரி உக்காந்து பாக்கெட் போடுறதுக்கு கூலி சேக்கவே இல்ல.

இவனுக்கு அன்னைக்கு ஒரு லட்சம் கிடைச்சிருந்தா பத்து மடங்கு அப்பளம் உடைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

இனி லோன் விஷயம். 18 முடியாதவங்க போடுற ஒப்பந்தம் செல்லாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தை வச்சு 1903-லயே வெள்ளைக்காரன் காலத்து கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லிருச்சு. கடன் குடுத்தவன் மைனர்கிட்ட இருந்து வசூல் பண்ண முடியாதுன்னா எந்த பேங்க் மேனேஜர் குடுப்பாரு? அதனால பசங்க என்ன பண்ணுதாங்கன்னா அண்ணன் போன்ல லோன் ஆப், இல்லன்னா தெருவுல பத்து வட்டி. கந்துவட்டி பத்தி நம்ம ஜில்லாக்காரங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம், 2003-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, வட்டி மட்டும் நிக்கல. அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க.

பின்ன காசுக்கு என்ன வழின்னா, ஆர்டர் வரும்போதே முழுக்காசையும் வாங்கிட்டு அப்புறம் சரக்கு எடுக்குறது, இதுக்கு வட்டியே கிடையாது. அப்புறம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, மாசாமாசம் கட்டுற சேமிப்பு, பத்து வயசு ஆனாலே சொந்தப் பேருல போடலாம், மாசம் 100 ரூபா இருந்தாப் போதும், 5 வருஷம். எட்டாவது படிக்கையில மாசம் 500-னு ஆரம்பிச்சா 18-ல 30,000-மும் வட்டியும் கையில இருக்கும். மாமா சித்தப்பா குடுக்குற காசு கடனா பங்கான்னு அன்னைக்கே ஒரு தாள்ல எழுதிருங்க. வ.உ.சி. 1906-ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்பவே பங்கு 25 ரூபான்னு எழுதித்தான் காசு திரட்டினாரு. நம்ம ஆளுங்க "பொறவு பாத்துக்கிடலாம்"னு குடுத்துட்டு கல்யாண வீட்டுல வச்சு கேப்பாங்க.

ஒரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியல. காசு வாங்குற க்யூஆர் கோடு யார் பேருல இருக்குன்னு பாருங்க. இன்னொரு பையன் கேஸ், வித்த காசு பூரா அப்பா அக்கவுண்ட்ல விழுந்துட்டு இருந்துச்சு, அப்பா அரசு ஊழியர், அரசு அனுமதி இல்லாம அவங்க வியாபாரம் பண்ணக்கூடாது, விளக்கம் எழுதிக் குடுத்து மீளுறதுக்குள்ள அந்த மனுஷன் பாதி ஆயிட்டாரு. அந்த அக்கவுண்டை ஒரு வருஷம் முன்னாடியே நான் பாத்தேன், கேக்காம விட்டது என் தப்பு.

கல்லிடைக்குறிச்சிப் பையனுக்கு நான் சொன்னது, எல்லாத்தையும் அம்மா பேருல பண்ணுலே. தின்பண்டம்னா உணவுப் பாதுகாப்பு ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், வீட்ல வச்சுப் பண்ணினாலும் வேணும். சின்னத் தொழிலுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இலவசம், ஆதாரும் பேன் கார்டும் இருந்தா போதும், யாராவது "1,500 ஆவும்"னா அது போலி வெப்சைட் இல்லன்னா புரோக்கர். வருமான வரியைப் பொறுத்தவரை மைனர் வருமானம் பொதுவா அப்பா அம்மா வருமானத்தோட சேந்துரும், சொந்த உடலுழைப்புலயோ திறமையிலயோ சம்பாதிச்சது மட்டும் தனி.

18 ஆனதும் கதவு திறக்கும். முத்ராவுல சிசுங்கிற பிரிவுல 50,000 வரைக்கும், அடமானம் வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்துல வேலை இல்லாத இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டம் யுஒய்இஜிபி இருக்கு, எட்டாவது பாஸ் போதும், 25 சதவீதம் மானியம். புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கான இன்னொரு மாநில அரசுத் திட்டம் நீட்ஸ், அதுக்கு 21 வயசு ஆவணும். மானியம்னதும் பணம் கைல வந்துரும்னு நினைக்காதீங்க, மத்திய அரசோட தொழில் கடன் திட்டமான பிஎம்இஜிபில எல்லாம் மானியத்தை 3 வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா பூட்டி வச்சிருப்பாங்க, தொழில் நடந்தாத்தான் கடன்ல கழியும். நான் பாத்த வரைக்கும் மேனேஜர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ரெண்டு நிமிஷந்தான் புரட்டுவாரு, அழுக்கா ஒரு வருஷக் கணக்கு நோட்டைக் காட்டினா நிமிந்து உக்காருவாரு.

ரெண்டு மாசம் கழிச்சு பையன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பெட்டிக்குள்ள பழைய பேப்பர் திணிச்சு அனுப்புதானாம், உடைஞ்சது 3-தான். விலையை 68 ஆக்கியிருக்கான், ஒண்ணு ரெண்டு பேரு போயிட்டாங்க, மத்தவங்க இருக்காங்க. கடைசிப் பத்தில "அம்மா கூலி"ன்னு ஒரு கட்டம், அதுல ஒண்ணும் எழுதல. என்னலேன்னு கேட்டேன். "அம்மா வேண்டாம்ங்காவ சார்"னான். அவங்க வேண்டாம்னாலும் நீ எழுதுன்னு சொல்லியிருக்கேன்.