இரண்டாவது நடைக்குக் கப்பல் மிஞ்சுமா? தைவான் நீரிணையின் படைக் கணக்கு

சீனாவிடம் சுமார் 20 லட்சம் முழுநேரப் படைவீரர்கள் இருக்கிறார்கள். தைவானிடம் 2 லட்சம்கூட இல்லை. ஆனால் சீனா கடல் கடந்து தைவானைத் தாக்கினால், அந்தப் போரில் இந்த எண்கள் சொல்வது கொஞ்சம்தான். முதல் நாளில் எத்தனை பேரைக் கரையிறக்க முடியும், அவர்களுக்குக் குண்டும் எரிபொருளும் உணவும் தொடர்ந்து போய்ச் சேருமா என்பதே கணக்கு.

இரண்டுக்கும் நடுவிலுள்ள தைவான் நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 130 கி.மீ. அகலம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் கப்பலுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் வாடைக்காற்று கடலைக் கொந்தளிக்க வைக்கும், கோடையில் புயல்கள். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய வாரங்களே ஓரளவு தோதானவை. தைவானின் மேற்குக் கரையில் அகலமான சேற்றுப்பரப்பு; கிழக்கில் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது.

ஏறிய கடல் வற்றினால் என்ன ஆகும் என்பதை, தைவான் வசமுள்ள கின்மென் தீவு 1949 அக்டோபரில் காட்டியது. சீனக் கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரம்தான். சீனக் கம்யூனிஸ்ட் படையின் சுமார் 9,000 வீரர்கள் மீன்பிடிப் படகுகளில் இரவோடு இரவாக, கடல் ஏறியிருந்த நேரத்தில் வந்து இறங்கினார்கள். தண்ணீர் வற்றியதும் படகுகள் மணலில் தட்டி நின்றுவிட்டன. தீவின் படை அவற்றை அழித்தது. அடுத்த அணியை ஏற்றிவரத் திரும்ப வேண்டிய படகுகளும் அவையே. மூன்று நாளில் இறங்கியவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

இன்றைய சீனாவின் 075 வகைப் படையிறக்கும் கப்பல்கள் ஹெலிகாப்டர்களில் வீரர்களைக் கடற்கரைக்கு அப்பாலேயே இறக்கும். ஆனால் டாங்கிகளையும் லாரிகளையும் பெருமளவில் கொண்டுவர, வாகனம் ஏற்றும் பயணிகள் கப்பல்களும் தேவைப்படும். அவற்றுக்கு இறங்குதுறை வேண்டும். அதற்காகவே 2025-ல் புதுவகை மிதவைகள் தென்பட்டன. கடலடியில் கால்களை ஊன்றி, மேல்தளத்தை உயர்த்தி, நீண்ட பாலத்தைக் கரைமேல் நீட்டுகின்றன. திறமையான வடிவமைப்புதான். ஆனால் கால் ஊன்றியபின் நகர முடியாது. ஒரு மிதவை அடிபட்டாலும் வழி அறுந்துபோகும். 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டி கரையில் அமெரிக்கர்கள் அமைத்த செயற்கைத் துறைமுகத்தை ஒரு புயலே உடைத்துப்போட்டது.

தைவானின் பலம் லாரிகளில் ஏற்றிய கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள். உள்நாட்டுத் தயாரிப்பான சியுங் ஃபெங் 2, 3 இருக்கின்றன. 400 ஹார்ப்பூன் ஏவுகணைகளை விற்க 2020-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. லாரி மறைவிலிருந்து வந்து, சுட்டுவிட்டு, இடம் மாறிவிடும். போர் விமானங்களுக்கான ஓடுபாதை அப்படி ஒளிய முடியாது. அதனால் போர் விமானங்களில் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஏவுகணைகளுக்கும் கடல் கண்ணிவெடிகளுக்கும் திருப்புவதே சரி. நீரிணையின் சராசரி ஆழம் 60 மீட்டர் அளவே. கடலடியில் கிடக்கும் கண்ணிகளுக்கு வசதியான ஆழம்.

உண்மையில் அதிகம் கவலை தருவது, கரையிறங்காமல் கடல்வழியை அடைக்கும் முற்றுகை. தைவான் தன் எரிசக்தியில் 95 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. மின்சாரத்தில் பெரும்பங்கு தரும் திரவ எரிவாயுவின் கையிருப்பு சுமார் 11 நாளுக்குத்தான். கடைசி அணு உலையும் 2025 மே மாதம் நிறுத்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் தைவான் வசமுள்ள மாட்சு தீவுகளுக்கான இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்து, மக்கள் வாரக்கணக்கில் இணையத்துக்குத் திண்டாடினார்கள். முற்றுகைக்குக் கடற்கரையும் வேண்டாம், கடல் ஏற்றமும் வேண்டாம். ஆனால் அது மெதுவாக வேலை செய்யும். அதற்குள் அமெரிக்காவும் ஜப்பானும் முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசம் எத்தனை நாள் என்பதை இப்போதைக்கு எரிவாயுத் தொட்டிகளின் கொள்ளளவும் நிலக்கரிக் கையிருப்புமே தீர்மானிக்கின்றன.