குருதியில் மிதக்கும் அடிக்கோடுகள்

நீண்டகாலமாக வெற்றிலையும் புகையிலையும் போடும் தம் தாயாருக்கு ஒரு குருதிப் பரிசோதனையிலேயே புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுவிடலாமா என்று சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இறக்கும் கலங்களின் டி.என்.ஏ. துணுக்குகள் குருதியில் கலக்கின்றன. குருதித் திரவத்தில் டி.என்.ஏ. போன்ற நியூக்கிளிக் அமிலங்கள் மிதக்கின்றன என்பது 1948ஆம் ஆண்டிலேயே தெரிந்த செய்தி. ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றியிருக்கும் இழையை நொதியங்கள் சுற்றுகளுக்கிடையே வெட்டுவதால், துணுக்குகளிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 167 மூலச்சோடி (டி.என்.ஏ. எழுத்துச் சோடி) நீளமுள்ளவை. அவற்றுள் மிகப் பெரும்பங்கு வெண்குருதிக் கலங்களுடையது. சிறு கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம். 10 மில்லிலீற்றர் குருதியிலோ மரபுத்தொகுதியின் (ஒரு கலத்தின் முழு டி.என்.ஏ. தொகுப்பின்) சில ஆயிரம் பிரதிகளே உள்ளன. ஆகவே ஒரேயொரு விகாரத்தை, அதாவது டி.என்.ஏ. எழுத்து மாற்றத்தை, மட்டும் தேடினால், அது அந்தக் குழாய்க்குள் வராமலே போய்விடலாம்.

இங்கேதான் என்னை வியக்கவைக்கும் நுட்பம் வருகிறது. ஈரற் கலத்திலும் நுரையீரற் கலத்திலும் டி.என்.ஏ. வாசகம் ஒன்றே, ஆனால் டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான சைற்றோசினில் எதன்மீது மெதைல் கூட்டம் என்ற சிறு இரசாயன ஒட்டு ஏறியிருக்கிறது என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. ஒரு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடநூல்தான், அடிக்கோடிட்ட வரிகளோ பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கிழிந்த தாளொன்று கிடைத்தால், கோடுகளைப் பார்த்தே அது யாருடைய புத்தகம் என்று சொல்லிவிடலாம். பைசல்பைற்று என்ற இரசாயனத்துடன் தாக்கம் புரியவைக்கும்போது மெதைல் ஏறாத சைற்றோசின் யுராசில் என்ற வேறோர் எழுத்தாக மாறிவிட, ஏறியது அப்படியே நிற்கிறது. அந்த வேறுபாடே கோடுகளை வெளிக்காட்டுகிறது. புற்றுக்கலம் இக்கோடுகளை ஆயிரக்கணக்கான இடங்களிற் குலைத்துவிடுவதால், ஓரிடத்துத் துணுக்குத் தவறினாலும் இன்னோரிடத்துத் துணுக்கு அகப்படும். எந்த உறுப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்.

ஆயினும் இந்த முறையைச் சோதித்து 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நான்காம் நிலைப் புற்றுகளில் 100க்கு ஏறத்தாழ 90 அகப்பட, முதலாம் நிலையில் 17 மட்டுமே அகப்பட்டன. சிறிய கட்டி குருதிக்குள் விடும் துணுக்குகள் அவ்வளவு சொற்பம்.

வெற்றிலையும் புகையிலையும் போடுவோர் முதலில் அஞ்சவேண்டியது வாய்ப்புற்றுக்கு. எனவே அந்த அம்மாவுக்கு இப்போது வேண்டியது, பல்வைத்தியர் ஒருவர் ரோச் வெளிச்சத்தில் அவரது கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்ப்பதே. வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் சிறு தசைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டாற் புற்று பரவும் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்லப்படுவதை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம். 2011இல் இலங்கையின் தென்கோடித் தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடிப் பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதி தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது; அடுத்து நிதி திரட்டுவோர் ஊர்தோறும் நடத்தும் வாய்ப் பரிசோதனைக்கு அதை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.