புத்தகத்துக்கு இருட்டு, வாசகருக்கு வெளிச்சம்

பினாங்கு லைட் ஸ்திரீட்டில் இருக்கும் உயர் நீதிமன்றத்தைத் தெரியாத ஊர்க்காரர் இருக்க மாட்டார். வெள்ளைத் தூண்கள், வளாகத்தில் வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் பினாங்கு நூலகம் பல ஆண்டுகள் குடியிருந்தது. நூலகத்துக்கு வயது கட்டடத்தைவிட அதிகம். அது தொடங்கிய ஆண்டு 1817. சந்தா கட்டியவர்கள் மட்டும் புத்தகம் எடுத்துப்போகும் இடமாகத்தான் அது ஆரம்பித்தது. 1970களில் அதே தெருவில் இருக்கும் டேவான் ஸ்ரீ பினாங்கு மண்டபத்துக்கு மாறியது.

கோலாலம்பூரிலும் இப்படி ஒன்று உண்டு. டத்தாரான் மெர்டேக்கா ஓரத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசு அச்சகமாகக் கட்டிய கட்டடம் பின்னாளில் நினைவு நூலகமாகச் செயல்பட்டது. அதன் பிறகு நகரக் காட்சியகமானது. கோர்ட்டைவிட அச்சகம்தான் நூலகத்துக்கு நெருங்கிய சொந்தம் என்பேன். எழுத்துக் கோப்பவருக்குக் கண் கூசாத வெளிச்சம் வேண்டும், இயந்திரத்துக்கு அசையாத தரை வேண்டும். நூலகம் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

கேட்பதை எல்லாம் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். புத்தகத்துக்கு இருட்டு பிடிக்கும், குளிர்ச்சி பிடிக்கும், காய்ந்த காற்று பிடிக்கும். வாசகருக்கு வெளிச்சமும் ஜன்னலோரக் காற்றும் வேண்டும். நூலகருக்கு யார் எதை எடுக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தரைக்கோ இவர்கள் யாரைப் பற்றியும் கவலை இல்லை. அதற்குப் பாரம் ஒன்றுதான் கணக்கு. பழைய நூலகக் கட்டடங்களின் வரலாற்றை இந்த நாலு பேர் பங்காளிச் சண்டையாகப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

முதலில் பாரம். சாதாரணப் புத்தகங்களை ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால் 25 முதல் 30 கிலோ வரை வரும். இரு பக்கமும் ஏழேழு தட்டுகள் கொண்ட, 90 சென்டிமீட்டர் அகல அலமாரி ஒன்று நிரம்பினால் 350 கிலோவைத் தொடும். அது நிற்கும் இடமோ அரைச் சதுர மீட்டருக்கும் குறைவு. வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவார்கள். புத்தக அடுக்கறைக்கு 700 கிலோவுக்கு மேல் வேண்டும். வெறும் மேசை நாற்காலி போட்ட வாசிப்பறைக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால்தான் ஒரு பழைய பங்களாவை நூலகமாக மாற்றும்போது, புத்தகத்தைக் கீழேயும் படிப்பவர்களை மாடியிலும் வைப்பது புத்திசாலித்தனம்.

தட்டின் நீளம் ஏன் பெரும்பாலும் 3 அடியோடு நின்றுவிடுகிறது? பலகை தொய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. முழுக்கப் புத்தகம் அடுக்கிய பலகையின் தொய்வு, அதன் நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 3 அடிப் பலகையை 4 அடியாக்கினால் தொய்வு மும்மடங்குக்கும் மேல். 6 அடியாக்கினால் 16 மடங்கு. பலகையைத் தடிமனாக்கினால் தப்பலாம்: தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மரப்பலகை, அதிலும் மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை, பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் புத்தகத்தை எடுத்துவிட்டாலும் நிமிராது. நாலடித் தட்டில் கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கியவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரங்கள் வேகம் பிடித்தன, புத்தகங்கள் குவிந்தன. மரத்தளம் போதவில்லை. அப்போது வந்தது இரும்பு அடுக்கறை. இதில் அலமாரியின் இரும்புக் கால்களே தூண்கள். மேல்தளம் அந்தக் கால்களின் மேல் உட்காரும், அதற்கு மேல் அடுத்த அலமாரி, அடுத்த தளம். 1911-ல் திறந்த நியூயார்க் பொது நூலகத்தில் மேலே இருக்கும் பெரிய வாசிப்பறையைத் தாங்குவது கீழே ஏழு நிலைகளில் நிற்கும் இந்த அலமாரிகள்தான். இடம் போதவில்லை என்று நினைத்து ஓர் அலமாரியை அங்கே கழற்றிவிட முடியாது.

இரும்புக்கு இன்னொரு வசதி இருந்தது. தரையைக் கம்பி வலை மாதிரி, ஓட்டைகளோடு வார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1857-ல் திறந்த வட்ட வாசிப்பறையைச் சுற்றி இப்படித்தான் கட்டினார்கள். அடுக்கறைக்குக் கண்ணாடிக் கூரை. அங்கிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் இரும்பு வலைத் தளங்களின் வழியாகக் கீழ் நிலைகள் வரை ஒழுகும். நடுவில் வாசகர்களுக்கு 140 அடி விட்டமுள்ள குவிமாடம். மேசைகள் ஆரங்களாக விரிய, மையத்தில் மேற்பார்வையாளர். அவர் தலையைத் திருப்பினால் போதும், எல்லா மேசையும் தெரியும். அழகான வடிவம் என்று புகழ்கிறோம். அடிப்படையில் அது காவல் காக்கும் வடிவம்.

அந்த ஓட்டைத் தளங்கள் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் வயிறு கலங்கும். கீழே பற்றிய தீக்கு ஒவ்வொரு தளமும் புகைபோக்கியாகிவிடும். பின்னால் வந்த அடுக்கறைகளில் தளத்தை மூடியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

தீப்பயத்தால்தான் பழைய நூலகங்கள் பொழுது சாய்ந்ததும் மூடின. பிரிட்டிஷ் மியூசியத்தில் மெழுகுவத்தியோ எரிவாயு விளக்கோ அனுமதி இல்லை. லண்டன் மூடுபனி இறங்கினால் பட்டப்பகலிலேயே வாசகர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். 1879-ல் மின்விளக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பாரிஸில் 1851-ல் திறந்த செயின்ட் ஜெனவியேவ் நூலகத்தின் கட்டடக் கலைஞர் ஹென்றி லாப்ரூஸ்த் துணிந்து எரிவாயு விளக்கு போட்டார், மாலையிலும் மாணவர்கள் வந்தார்கள். மெலிந்த இரும்புத் தூண்களும் வளைவுகளும் தாங்கும் அந்த அறைக்கு இன்றும் தனி மதிப்பு. ஆனால் எரிவாயு விளக்குக்கு நூலகங்கள் பொதுவாகக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. வாயுவில் இருந்த கந்தகம் எரிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தோல் அட்டைகளை அரித்தது. தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும் பழைய தோல் அட்டைப் புத்தகத்தைப் பார்த்திருந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கே வேண்டாம், பகல் வெளிச்சம் போதும் என்றால் ஜன்னலை உயர்த்த வேண்டும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம்தான் படிக்கத்தக்க வெளிச்சம் உள்ளே போகும். 4 மீட்டர் உயர ஜன்னல் என்றால் 8 மீட்டர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் 1695-ல் முடித்த நூலகத்தில் அலமாரிகளைக் கீழே சுவரோடு சேர்த்துவிட்டு, ஜன்னல்களை அவற்றின் தலைக்கு மேல் ஏற்றினார். சுவர் முழுக்கப் புத்தகத்துக்கு, மேலே முழுக்க வெளிச்சத்துக்கு. அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னெகி பணத்தில் உலகெங்கும் எழுந்த 2,509 நூலகங்களில் பலவற்றிலும் ஜன்னல் ஆளுயரத்துக்கு மேல் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

பணம் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. நகர மன்றங்கள் வரி போட்டு இலவச நூலகம் அமைக்கலாம் என்று பிரிட்டன் 1850-ல் சட்டம் கொண்டுவந்தது. கட்டடத்துக்கு அந்த வரியைச் செலவிடலாம். புத்தகம் வாங்க முடியாது! 1855-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். லண்டனிலும் பாரிஸிலும் சூரியனை உள்ளே கூப்பிட வேண்டும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே, கோலாலம்பூர் 3 டிகிரி. நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலையில் நிற்கும். அது கூரையைத்தான் சுடும். அறைக்குள் புகுந்து புத்தகத்தை வெளுக்க வைப்பது காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயில். அதனால் கிழக்கு மேற்குச் சுவர்கள்தான் எதிரி. அதற்கு இங்கே கண்ட விடை தாழ்வாரம். 1897-ல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தைச் சுற்றி ஓடும் வளைவுத் தாழ்வாரத்தையும், நாம் மழைக்கு ஒதுங்கும் காக்கி லீமாவையும் (கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை) ஒரே கணக்கில் வைக்கலாம். சுவர் மேல் வெயில் விழாது, சாரல் அடிக்காது, ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். உள்ளே வருவது தரையிலும் தாழ்வாரக் கூரையிலும் பட்டுத் திரும்பிய மென்மையான வெளிச்சம். சென்னையில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896 டிசம்பரில் திறந்த கன்னிமாரா நூலகமும் இதே காலத்து, இதே பாணிக் கட்டடம். அதன் தேக்கு அலமாரிகளும் வண்ணக் கண்ணாடியும் இன்றும் பார்க்கத் தகுந்தவை.

உயரமான கூரை இருந்தால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறோம். அப்படிக் காற்று ஓட, உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை நன்றாக வேறுபட வேண்டும். ஜன்னல் திறந்த பினாங்குக் கட்டடத்தில் அந்த வேறுபாடு ஓரிரண்டு டிகிரிகூட இருக்காது. வேலை செய்வது எதிரெதிர் ஜன்னல்களின் வழியே ஓடும் கடற்காற்று. உயரக் கூரையின் முக்கியப் பயன் வேறு: வெயிலில் காய்ந்த ஓட்டின் அனல் தலையில் இறங்காமல் தள்ளி நிற்கிறது, உயர ஜன்னலுக்கும் இடம் கிடைக்கிறது.

காற்று வாசகருக்குச் சுகம். புத்தகத்துக்கு? நம் வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. 65, 70-ஐத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்க வாய்ப்புண்டு. ஆனாலும் ஜன்னல் திறந்த பழைய நூலகங்களில் புத்தகம் பிழைத்திருக்கிறது, காரணம் ஓடும் காற்று. தாளின் மேல் ஈரம் தேங்க அது விடாது. நல்ல எண்ணத்தோடு கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அலமாரியில்தான் முதலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

பூச்சிக்கு அந்தக் காலத்தில் ஆளுக்கொரு வைத்தியம். இராமபாணப் பூச்சி தாளைவிட அட்டையின் பசையைத்தான் தேடி வரும், மாவுப்பசை அதற்கு விருந்து. அதனால் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். எறும்பும் கரையானும் ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். இதற்கெல்லாம் முன்பே நம் ஆட்கள் ஏட்டுச்சுவடியை அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருந்தார்கள்: இதமான சூடு, காய்ந்த காற்று, பூச்சி அண்டாத புகை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டுவதையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாப் புத்தகத்தையும் கையில் எடுத்துப் பார்க்க வைக்கும் வழக்கத்தை எந்த நூலகரும் குறை சொல்ல மாட்டார்.

காவல் காக்கும் வடிவம் என்றேன் அல்லவா, அது உடைந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு நூலகத்தில் வாசகர் அலமாரிப் பக்கமே போக முடியாது. முகப்பு மேசையில் ஒரு பெரிய பலகை; அதில் ஒவ்வொரு புத்தக எண்ணுக்கும் ஒரு சிறு தகடு. ஒரு நிறம் தெரிந்தால் புத்தகம் உள்ளே, மறு நிறம் என்றால் வெளியே. எண்ணைச் சொன்னால் ஆள் போய் எடுத்து வருவார். 1894-ல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன் வாசகர்களை அலமாரிக்கே விட்டார். கட்டடம் உடனே மாற வேண்டியிருந்தது: நடைவழி அகலமாக வேண்டும், அடுக்கறைக்கும் வெளிச்சம் வேண்டும். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கான தன் ஐந்து விதிகளை வெளியிட்டபோது இதை இன்னும் தரைக்குக் கொண்டுவந்தார். தரையில் நிற்கும் சராசரி உயர மனிதருக்கு மேல்தட்டு எட்ட வேண்டும், அவ்வளவுதான் அலமாரியின் உயரம் என்றார். கூரையைத் தொடும் அலமாரியும் சாய்த்து வைத்த ஏணியும் படத்துக்கு அழகு; வாசகருக்கு உதவாது.

பிறகு குளிர்சாதனம் வந்து சண்டையை முடித்துவைத்தது என்று நினைத்தோம். கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில், தெங்கோலோக் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம் மாதிரி மூடிய கட்டடங்களில் வெளிச்சம், வெப்பம், ஈரம் மூன்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இரவு பகல் ஓடும்வரை இது நல்ல ஏற்பாடு. சிக்கல் வருவது ஏசியை மாலையில் அணைத்துவிடும் சின்ன நூலகங்களிலும், பள்ளிகளிலும், வீடுகளிலும். வெளியே 30 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரம் என்று வையுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழ் உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். பகலெல்லாம் 22 டிகிரியில் இருந்த புத்தக அட்டையும் அப்படியொரு பொருள்தான். ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று அதன்மேல் வேர்க்கிறது; இரவு முழுக்க அறை மூடிக் கிடக்கிறது. வாரம் முழுக்க இது நடந்தால் பூஞ்சணத்துக்கு வேறு அழைப்பு தேவையில்லை.

பழைய கட்டடத்தை இப்படி மூடினால் சுவரும் சேர்ந்துகொள்ளும். ஜார்ஜ் டவுனின் பழைய செங்கல் சுவர்கள் நிலத்தடி ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி மேலே இழுப்பவை. சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தபோது அந்த ஈரம் சுவர்ப் பரப்பிலேயே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் சிமெண்டும் எண்ணெய் பெயிண்டும் பூசினால் வெளியேற வழியில்லாமல் ஈரம் இன்னும் உயரே ஏறும், உப்பு பூத்துப் பூச்சு உதிரும், சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்பலகை நனையும். பழைய கடைவீட்டில் புத்தகம் வைத்திருப்பவர்கள் அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. கீழ்த்தட்டும் தரையிலிருந்து அதே அளவு உயர்ந்திருக்கட்டும். திடீர் வெள்ளம் ஜார்ஜ் டவுனுக்குப் புதிதல்ல.